நீர்மூழ்கியில் ஊசல் கட்டிய ஒல்லாந்துக்காரர்

காயல்பட்டினம், தூத்துக்குடி பக்கத்து ஆட்களுக்கு ஒல்லாந்துக்காரர் என்ற சொல் புதிதில்லை. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள். 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு முழுசாகப் போகும் வரை, நடுவில் சில இடைவெளிகள் போக, இந்தக் கரையின் முத்திலும் சங்கிலும் துணியிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. நான் எழுத வந்தது அந்த ஒல்லாந்தர்களைப் பற்றி அல்ல. அதே நாட்டிலிருந்து 1923-ல், குமரிமுனைக்குத் தெற்கே உள்ள கடல் வழியாக, ஒரு சின்ன நீர்மூழ்கிக் கப்பலில் போன ஒரு சிவில் இன்ஜினியரைப் பற்றி. அவருக்கு முத்தும் வேண்டாம், சங்கும் வேண்டாம். நடுக்கடலில் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அவர் பெயர் ஃபெலிக்ஸ் ஆன்ட்ரீஸ் வேனிங் மைனெஸ். மலர்க் குழு நண்பர்கள் இப்போது படிக்கிற மாணவர்களுக்குப் பயன்படும்படி ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசனையும் சர் சி.வி. ராமனையும் எத்தனையோ மலர்களில் பார்த்தாயிற்று. எனக்கோ கடலடி அளவைக் கப்பல்களில் கருவிகளோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கே தகப்பன் மாதிரியானவர் இந்த மனுஷர். அதனால் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

1887 ஜூலை 30 அன்று ஹாலந்தின் கடற்கரை ஊரான ஸ்கேவனிங்கனில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை முதலில் ராட்டர்டாமுக்கும் பிறகு ஆம்ஸ்டர்டாமுக்கும் மேயராக இருந்தவர். மகன் டெல்ஃப்ட் நகரில் சிவில் இன்ஜினியரிங் படித்து 1910-ல் பட்டம் வாங்கினார். பாலம் கட்டவோ அணை கட்டவோ போகவில்லை. அரசாங்கத்தின் நில அளவைக் குழுவில் சேர்ந்தார். நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஈர்ப்பு விசையை அளக்கும் வேலை கிடைத்தது.

இங்கே நம் கல்லூரி பிசிக்ஸ் லேபை எல்லாரும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். முதல் வருஷத்தில் கூட்டு ஊசல் பரிசோதனை செய்யாமல் யாரும் வெளியே வந்திருக்க முடியாது. ஓட்டை போட்ட இரும்புப் பட்டை, கத்திமுனை, ஸ்டாப் வாட்ச், கிராஃப் ஷீட். கடைசியில் ‘ஜி’ மதிப்பு 9.78-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. நம் அட்சரேகைக்கு அதுதான் மதிப்பு; துருவத்தில் 9.83. வேனிங் மைனெஸ் செய்ததும் இதே ஊசல் வேலைதான். ஆனால் அவருக்கு மூன்று தசம இடம் போதாது. பூமிக்குள் எங்கே கனமான பாறை, எங்கே லேசான பாறை என்று சொல்ல வேண்டுமானால் ஈர்ப்பு விசையில் பத்து லட்சத்தில் சில பங்கு வரை துல்லியம் வேண்டும். ஊசலின் நேரக் கணக்கில் பார்த்தால், ஈர்ப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினால் ஊசல் ஒரு முழு நாளைக்கு ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் முந்தும் அல்லது பிந்தும். அதைப் பிடிக்க வேண்டும்.

ஹாலந்தின் தரையோ சேறும் களியும். குதிரை வண்டி போனாலும் அதிரும், கடல் அலை மோதினாலும் அதிரும். ஊசலைத் தாங்கும் சட்டமே ஆடினால் எதை அளப்பது? வேறு ஆளாக இருந்தால் நல்ல பாறைத் தரையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருப்பார். இவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரே சட்டத்தில் ஒரே மாதிரியான இரண்டு ஊசல்களை, ஒரே தளத்தில் ஆடும்படி தொங்கவிடு. தரை பக்கவாட்டில் அசைந்தால் இரண்டுக்கும் ஒரே உதைதான் விழும். ஒன்றின் கோணத்திலிருந்து மற்றதன் கோணத்தைக் கழித்துவிட்டால் அந்த உதை மறைந்துபோகும். மிச்சம் நிற்கும் வித்தியாசம், அசையாத தரையில் ஆடுகிற ஓர் ஊசல் எப்படி ஆடுமோ அப்படியே ஆடும். இவ்வளவுதான் விஷயம். ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காமல், ஆட்டத்தையே கழித்துத் தள்ளிவிட்டார். 1915-ல் இதை வைத்தே டெல்ஃப்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

சேற்றுத் தரையில் பலித்தது கடலில் பலிக்குமா என்ற கேள்வி அடுத்து வந்தது. பூமியின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். அங்கே ஈர்ப்பு எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலம் அது. நம் நாட்டில் 1860-களிலேயே கேப்டன் பசேவி என்ற நில அளவைக்காரர் குமரிமுனைப் பக்கம் புன்னையில் ஊசல் கட்டி அளந்தார். மினிக்காய் தீவுக்கும் கொண்டுபோனார். ஆனால் தீவு என்றாலும் அது தரைதான். கப்பல் தளத்தில் ஊசல் என்பது நடக்காத காரியம் என்றே இருந்தது.

ஹாலந்தின் அரசுச் சுரங்கங்களில் இருந்த ஃபான் இட்டர்சன் என்ற இன்ஜினியர்தான் நீர்மூழ்கியில் போய்ப் பாருங்களேன் என்று யோசனை சொன்னவர். நம் ஊர்க் குளியாட்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துப் பாரில் இறங்குபவனுக்கு, மேலே தோணி எவ்வளவு ஆடினாலும் கீழே போகப் போகக் கடல் அடங்கிவிடும் என்று தெரியும். கணக்கும் அதுவே: நூறு மீட்டர் நீளமுள்ள அலையின் ஆட்டம் 30 மீட்டர் ஆழத்தில் ஏழில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடுகிறது. இன்னும் நீளமான அலைகள் ஆழத்திலும் கொஞ்சம் உலுக்கும். அந்த மிச்ச உலுக்கலுக்கு இருக்கவே இருக்கிறது ஊசல் கழித்தல்.

1923 செப்டம்பரில் கே-2 என்ற நீர்மூழ்கி ஹாலந்திலிருந்து ஜாவாவுக்குக் கிளம்பியது. கடற்படை தன் காரியமாக அனுப்பிய கப்பல். இவர் அதில் தொற்றிக்கொண்டார் என்றே சொல்லலாம். மனுஷர் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். நீர்மூழ்கிக்குள் நிமிர்ந்து நிற்கவும் வழியில்லை, கால் நீட்டிப் படுக்கவும் வழியில்லை. டீசல் வாடை, வெக்கை, ஈரம். சூயஸ், ஏடன், பிறகு அரபிக்கடலைக் கடந்து கொழும்பு, அங்கிருந்து சுமத்திரா, ஜாவா. டிசம்பரில் போய்ச் சேர்ந்தபோது, கடலில் ஈர்ப்பை அளக்க முடியும் என்பது நிரூபணமாகியிருந்தது.

அந்தப் பயணத்தின் கருவி பழசு, தரைக்காகச் செய்தது. அதன் குறைகளைக் கூடவே இருந்து பார்த்துவிட்டதால், ஊருக்குத் திரும்பிப் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். மூன்று ஊசல்கள். சுமார் கால் மீட்டர் நீளம். தலையில் சிறு கண்ணாடிகள். ஒளிக்கதிர் ஒரு ஊசலின் கண்ணாடியில் பட்டு அடுத்ததன் கண்ணாடிக்குப் போய், கழித்தல் கணக்கைத் தானே முடித்துக்கொண்டு ஃபிலிமில் கோடாக விழும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கழித்தலை ஒளியே செய்தது! நான் இதன் வரைபடத்தை முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. பித்தளையில் பளபளவென்றிருந்த அந்தப் பெட்டிக்கு மாலுமிகள் தங்கக் கன்று என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அளக்கும்போது கப்பல் மூழ்கி, நிதானமாக நேராகப் போக வேண்டும். ஆட்கள் இங்குமங்கும் நடமாடக் கூடாது. கடிகாரத்தை ரேடியோ நேர சமிக்ஞையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பல் கிழக்கே போனால் பூமியின் சுழற்சியோடு சேர்ந்து ஓடுவதால் எடை சற்றுக் குறையும், மேற்கே போனால் கூடும். நம் அட்சரேகையில் ஒரு நாட் வேகத்துக்கு ஏழு மில்லிகாலுக்கு மேல். (மில்லிகால் என்பது ஏறக்குறைய ஈர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) நீருக்கு அடியில் நீரோட்டம் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாவிட்டால் கணக்கு கெட்டது. இன்று செயற்கைக்கோள் வழிகாட்டியோடு வேலை செய்கிற எங்களுக்கே இந்தத் திருத்தம் தலைவலிதான். அவர் நட்சத்திரத்தையும் சூரியனையும் பார்த்து இடம் குறித்துக்கொண்டு இதைச் செய்தார்.

1926-ல் கே-13-ல் பனாமா வழியாக மறுபடியும் ஜாவா. 1928-ல் அமெரிக்கக் கடற்படை அழைத்து, கரீபியன் கடலில் அளக்க வைத்தது. 1934 நவம்பரில் கே-18-ல் கிளம்பி, தென்னமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, சுமார் 8 மாதம் கழித்து சுரபாயா போய்ச் சேர்ந்தார். இந்தப் பயணத்தைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். ஹாலந்தில் சின்னப் பையன்களுக்கெல்லாம் அவர் பெயர் தெரிந்துவிட்டது. 1938 வரை மொத்தம் எண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் கடலில் அளந்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக்கு.

நடுவில் நடந்தது ஒன்று உண்டு. 1929, 30-ல் கே-13 சுமத்திரா, ஜாவாவைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தது. அதில்தான் அந்தப் பட்டை தெரிந்தது. சுமத்திராவுக்கு மேற்கே உள்ள தீவு வரிசையை ஒட்டி, ஜாவாவுக்குத் தெற்கே போய், கிழக்கே திமோர் தாண்டி வளைகிறது. அகலம் நூறு, இருநூறு கிலோமீட்டர்தான், நீளமோ ஆயிரக்கணக்கில். அந்தப் பட்டைக்குள் எங்கே அளந்தாலும் ஈர்ப்பு குறைவு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சில இடத்தில் இரண்டு பங்கு.

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஏற்றிய தோணி ஆழமாக அமிழும், சரக்கை இறக்கினால் மேலே வரும். பூமியின் மேலோடும் கீழேயுள்ள கனமான பொருளின் மீது அப்படித்தான் மிதக்கிறது. இந்தப் பட்டையில் லேசான மேலோடு, தன் எடைக்கு எவ்வளவு அமிழ வேண்டுமோ அதைவிட ஆழமாக அமிழ்ந்து கிடக்கிறது. சும்மா விட்டால் மேலே வந்துவிட வேண்டியது. வரவில்லை என்றால், ஏதோ ஒன்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறது! அதே பட்டைக்குப் பக்கத்தில்தான் எரிமலை வரிசை. அதே பட்டையில்தான் பெரிய நிலநடுக்கங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் பெரும் நெருக்குதலில் மேலோடு கீழ்நோக்கி மடிகிறது என்றும், பூமியின் உள்ளே சூடான பொருள் மெல்லச் சுழல்வதுதான் அந்த நெருக்குதலுக்குக் காரணம் என்றும் அவர் விளக்கினார்.

இன்றைக்கு நாம் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு அங்கே அடுத்த தட்டுக்கு அடியில் சாய்ந்து இறங்குகிறது என்று சொல்கிறோம். அவர் சொன்ன மடிப்பு அப்படியே இது அல்ல. ஆனால் இரண்டு பெரும் பலங்கள் மோதுகிற கோடு இதுதான் என்று விரல் வைத்துக் காட்டியவர் அவர். 1932-ல் அவரோடு அமெரிக்க நீர்மூழ்கியில் ஏறி வேலை கற்றுக்கொண்ட ஹாரி ஹெஸ் என்ற இளைஞர்தான் 1962-ல் கடல்தரை நடுவில் பிளந்து விரிகிறது என்ற கருத்தை வெளியிட்டவர். அதற்கு வலுவான சாட்சி மறு வருஷமே வைன், மேத்யூஸ் இருவரும் கொடுத்தார்கள். அதுவும் நம் அரபிக்கடலுக்குத் தெற்கே கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரில் ‘ஓவன்’ கப்பல் எடுத்த காந்த அளவையிலிருந்து.

அவர் கணக்கிலும் திருத்தம் வந்தது. 1937-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரவுன், ஊசல் கழித்தலில் மறையாமல் தங்கிவிடும் சிறு பிழை ஒன்று உண்டு என்று காட்டினார். பழைய அளவுகளையெல்லாம் சற்றே திருத்த வேண்டியதாயிற்று. பட்டை அப்படியே நின்றது. தொழிலில் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன், கருவியின் பெருமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

யுத்தம் முடிந்த 1945-லிருந்து 1951 வரை ஹாலந்தின் வானிலை நிலையத்துக்கு இயக்குநராக இருந்தார். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் தொடர்ந்தது. கே-18 கப்பல் அதற்கு முன்பே போய்விட்டது. ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று 1942-ல் சுரபாயாவில் மூழ்கடித்துவிட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று. குமரிமுனைக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு மிகப் பரந்த அளவில் குறைந்திருக்கிறது. அதைக் கப்பல் அளவைகளிலிருந்து 1948-ல் முதலில் எடுத்துக்காட்டியவர் என்று வேனிங் மைனெஸைத்தான் குறிப்பிடுகிறார்கள். பூமியை வழவழப்பான கோளமாக வைத்துக் கணக்கிட்டால் கடல் மட்டம் எங்கே இருக்க வேண்டுமோ, அதைவிட அங்கே நிஜமான மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்வு. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அது. அப்படியானால் கொழும்புக்குப் போகிற தோணி சரிவில் இறங்கிவிடாதா என்று கேட்கலாம். இறங்காது. தண்ணீர் எப்போதும் ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே நிற்கும். தூக்குக்குண்டும் ரசமட்டமும் அதற்கேற்பவே காட்டும். கப்பலில் போகிறவனுக்கு அது தட்டையான கடல்தான். இந்தப் பள்ளத்தின் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 2023-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள். மறைந்துபோன டெதிஸ் கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்தது. அது ஆப்பிரிக்காவுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கும் சூடான பெரும் பகுதியைக் கலக்கிவிட்டது. அங்கிருந்து எழுந்த லேசான சூடான பொருளே இந்தக் குறைவுக்குக் காரணம் என்பது அவர்கள் கணக்கு.

வேனிங் மைனெஸ் 1966 ஆகஸ்ட் 10 அன்று அமெர்ஸ்ஃபோர்ட் நகரில் காலமானார். வயது 79. அவர் பட்டையின் முழுப் பொருளையும் விளக்கிய தட்டுக் கொள்கை அடுத்த இரண்டே வருஷத்தில் உருவாகி நின்றது. பார்க்க அவர் இல்லை.

2004 டிசம்பர் 26 காலை அந்தப் பட்டையின் வடக்குப் பகுதி, சுமத்திராவின் வட முனையிலிருந்து அந்தமான் வரை ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உடைந்தது. ரிக்டர் என்று பத்திரிகைகள் எழுதினாலும், இன்றைய கணக்கில் அது 9.1. அழுத்திப் பிடித்திருந்த ஓரம் நழுவி மேலே எகிறியது. மேலே நின்ற கடலும் அதோடு எழுந்தது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கு மேல் உயிர்ச்சேதம். நம் கரைக்கு இலங்கை குறுக்கே நின்றதால் சேதம் குறைவு. ஆனால் அலை இலங்கையைச் சுற்றி வளைந்து குளச்சல் பக்கம் போய் அங்கே நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். அந்தக் கோடு 1930-லேயே காகிதத்தில் இருந்தது. பூகம்பம் நடந்த பிறகும் நமக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை சொல்ல எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. பசிபிக்கில் 1940-களின் கடைசியிலேயே அது வந்துவிட்டது. நடந்தது தெரிந்தவர்களிடமும், ஊருக்குள் யாருக்குச் சொல்வது என்ற வழி இல்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியக் கடல் தகவல் மையத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கமானிகள், கரையோர அலைமானிகள், நடுக்கடலில் தரையில் உட்கார்ந்து நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் என எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஒன்று வந்தது. அது பட்டைக்குள் இல்லை, வெளியே, நம் தட்டின் உடம்பிலேயே. பாறைகள் மேலே எகிறாமல் பக்கவாட்டில் நழுவின. அதனால் பெரிய அலை எழவில்லை. ஆனாலும் சில நிமிஷங்களில் எச்சரிக்கை வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கரையெங்கும் ஜனங்கள் கடலை விட்டு உள்ளே நகர்ந்தார்கள். அன்று மாலையே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.